தேர்வு நடத்தப் பிறந்த பல்கலைக்கழகம்

சர் சி.வி. ராமன், டாக்டர் ராதாகிருஷ்ணன், வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர், அப்துல் கலாம். சென்னைப் பல்கலைக்கழகம் தன் பழைய மாணவர்கள் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பெயர்கள் இவை. ஆனால் இந்த நால்வரில் ஒருவர்கூடப் பல்கலைக்கழக வளாகத்து வகுப்பறையில் உட்கார்ந்து பட்டப்படிப்புப் படித்தவர் இல்லை. ராமனும் சந்திரசேகரும் மாநிலக் கல்லூரி. ராதாகிருஷ்ணன் கிறித்துவக் கல்லூரி. கலாம் திருச்சி புனித வளனார் கல்லூரி. பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கேள்வித்தாள் கொடுத்தது, விடைத்தாள் திருத்தியது, பட்டம் கொடுத்தது. அவ்வளவுதான்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் உருவாக்கப்பட்டதே அதற்காகத்தான். பிறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் அது ஒரு வகுப்புகூட எடுக்கவில்லை. 'யுனிவர்சிட்டி' என்றால் நம் ஊரில் இன்றும் முதலில் ஹால் டிக்கெட்டும் ரிசல்ட்டும் மார்க் ஷீட்டும்தான் நினைவுக்கு வருகின்றன, ஆசிரியரோ வகுப்போ வருவதில்லை. இந்தப் பழக்கத்தின் வேர் 1857இல் இருக்கிறது. பல்கலைக்கழகம் இன்று மாட்டிக்கொண்டிருக்கும் பணக் கஷ்டத்தின் ஒரு முனையும் அங்கேதான் போய் நிற்கிறது.

கேட்டது கல்லூரி, வந்தது பரீட்சை

1839 நவம்பரில் ஆளுநர் எல்ஃபின்ஸ்டனிடம் ஒரு மனு போனது. சென்னையில் ஆங்கிலக் கல்லூரி ஒன்று வேண்டும் என்ற அந்த மனுவில் சுமார் 70,000 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். அதை முன்னின்று கொண்டுபோனவர் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். தொலைபேசியும் பயணிகள் ரயிலும் இல்லாத ஊரில் 70,000 கையெழுத்து என்பது சாதாரண விஷயமில்லை. மறு ஆண்டே ஒரு பல்கலைக்கழக வாரியம் அமைத்தார்கள், நார்ட்டனையே தலைவராகப் போட்டார்கள். அந்த வாரியம் கடைசியில் கொண்டுவந்தது ஒரு உயர்நிலைப் பள்ளி. ஈ.பி. பவல் தலைமையில் நடந்த அந்தப் பள்ளிதான் 1855இல் மாநிலக் கல்லூரி ஆனது.

பல்கலைக்கழகத்துக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை, கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றுக்கும் பல்கலைக்கழகம் வைக்கலாம் என்றது. முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அன்றைய லண்டன் பல்கலைக்கழகம் பாடம் நடத்தாது. கல்லூரிகள் நடத்தும், இது பரீட்சை வைக்கும். கம்பெனி அரசுக்கு இது வசதியாகப் போயிற்று. பேராசிரியருக்குச் சம்பளம் வேண்டாம், விடுதி வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். கட்டணம் கட்டுபவர்கள் வந்து எழுதட்டும். 1857 செப்டம்பர் 5 அன்று சென்னைக்கான சட்டம் நிறைவேறியபோது வட இந்தியாவில் சிப்பாய்க் கலகம் நடந்துகொண்டிருந்தது. டெல்லி முற்றுகையில் இருந்தது.

முதல் பி.ஏ. தேர்வு 1858இல் நடந்தது. தேறியவர்கள் இருவர்: சி.வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். சென்னையின் முதல் இரண்டு பட்டதாரிகளும் கடல் தாண்டி வந்தவர்கள் என்பதிலிருந்தே இந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஊர் எல்லை ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை என்பது தெரியும். தாமோதரம் பிள்ளை பிறகு புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியானார், தொல்காப்பிய உரைகளையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் பரீட்சை எழுத வைத்த பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரி பழந்தமிழ்ப் பதிப்பில் முன்னோடியாக ஆவார் என்று அந்த 1857 சட்டத்தை எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் எல்லை விரிந்துகொண்டே போனது. வடக்கே பெர்ஹாம்பூர், மேற்கே மங்களூர், தெற்கே திருவனந்தபுரம் எல்லாம் சென்னையின் கேள்வித்தாளுக்குக் காத்திருந்தன. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி சென்னையோடு இணைந்திருந்தது. ஹைதராபாத் நிஜாம் கல்லூரி 1947 வரைக்கும் சென்னையோடுதான் இருந்தது, பக்கத்திலேயே உஸ்மானியா பல்கலைக்கழகம் வந்த பிறகும்கூட.

கட்டடத்திலும் இதைப் பார்க்கலாம். கடற்கரைச் சாலையில் கூவத்துக்குப் பக்கத்தில் நிற்கும் செனட் ஹவுஸ், ராபர்ட் சிஷோம் வடிவமைத்தது. 1874இல் தொடங்கி 1879இல் முடிந்தது. நான்கு மூலையிலும் கோபுரம், வண்ணக் கண்ணாடி, உள்ளே பிரம்மாண்டமான ஒரு மண்டபம். பல்கலைக்கழகத்தின் முதல் பெரிய சொந்தக் கட்டடத்தில் கட்டியது வகுப்பறைகளை இல்லை, கூடுவதற்கும் பட்டம் கொடுப்பதற்கும் தேர்வு எழுதுவதற்கும் ஒரு கூடம். 1937இல் மாகாணச் சட்டசபை முதலில் கூட இடம் தேடியபோது இந்த மண்டபம் கச்சிதமாகப் பொருந்தியதில் ஆச்சரியமில்லை.

உள்ளூரில் ஃபெயில், உலகத்தில் பாஸ்

தேர்வு மட்டுமே வைக்கும் ஒரு நிறுவனத்தின் கண்ணில் மாணவன் என்பவன் ஒரு பதிவு எண். எல்லாப் பாடத்திலும் தேறினால் உள்ளே, ஒன்றில் தவறினால் வெளியே. இந்த முறையில் விழுந்தவர்களில் உலகத்துக்கே தெரிந்த பெயர் ஒன்று உண்டு. சீனிவாச ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பி.ஏ.வுக்கு முந்தைய தேர்வான எஃப்.ஏ. எழுதித் தவறினார். பிரைவேட்டாக மறுபடி எழுதினார், மறுபடியும் தவறினார். கணக்கைத் தவிர மற்றதெல்லாம் அவரைக் கீழே தள்ளியது. 1912இல் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு கிளார்க் வேலை.

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் 1913இல் ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவருக்குத்தான் என்பது விதி. ராமானுஜனிடம் எஃப்.ஏ.கூட இல்லை. ஆனாலும் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட் கூடிப் பேசி, விதியை வளைத்து, 1913 மே மாதத்திலிருந்து மாதம் 75 ரூபாய் கொடுத்தது. அவரைத் தோற்கடித்த அதே நிறுவனம், தான் வைத்த தேர்வின் முடிவைத் தானே ஒதுக்கிவைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூற்று அறுபது சொச்சம் ஆண்டு வரலாற்றில் அதன் நிர்வாகக் குழு எடுத்த ஆகச் சிறந்த முடிவு இதுதான் என்பது என் எண்ணம்.

ராமானுஜன் விதிவிலக்கு. பெரும்பான்மைக்கு 'பி.ஏ. ஃபெயில்' என்ற நிலைதான் வாய்த்தது. அதையும் ஒரு தகுதியாகவே விண்ணப்பத்தில் போட்டுக்கொண்டார்கள், அதற்கும் ஒரு மரியாதை இருந்தது. பி.ஏ. வரை போய் வந்தவர் என்று அர்த்தம்.

இன்னொரு பக்கம், கல்லூரிப் படியே ஏறாதவர்களுக்கும் இதே தேர்வு முறை ஒரு வாசலைத் திறந்தது. மு. வரதராசனைப் பாருங்கள். பள்ளி இறுதி முடித்துவிட்டுத் திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். உடம்பு சரியில்லாமல் வேலையை விட்டார். வீட்டிலிருந்தே தமிழ் படித்துப் பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வை எழுதினார். 1935இல் மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறித் திருப்பனந்தாள் மடத்தின் 1,000 ரூபாய்ப் பரிசை வாங்கினார். அதன் பிறகு கீழ்த்திசை மொழிப் பட்டங்களான பி.ஓ.எல்., எம்.ஓ.எல்., 1948இல் முனைவர் பட்டம், 1961இல் அதே பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறைத் தலைவர். தாலுகா ஆபீஸ் நாற்காலியிலிருந்து பேராசிரியர் நாற்காலிக்குப் போக இந்தத் தேர்வுகளே அவருக்கு வழி. வருகைப் பதிவேடு கேட்காத, கட்டணம் கட்டினால் எழுத விடுகிற முறையின் நல்ல பக்கம் இது. வித்துவான் பட்டம் வாங்கிப் பள்ளிகளில் தமிழாசிரியர் ஆனவர்கள் ஒரு தலைமுறைக்கே தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள்.

யார் அந்தப் பட்டதாரிகள்

தேர்வு கண்ணைக் கட்டிக்கொண்டு திருத்தப்படலாம். ஆனால் தேர்வு எழுத வருகிறவர்கள் எல்லா வீட்டிலிருந்தும் வரவில்லை. 1904ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்துகொண்ட பட்டதாரிகளுக்குப் பல்கலைக்கழகப் பேரவையான செனட்டில் ஆள் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. சட்டமன்றத்திலும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு இடம் இருந்தது. சொத்து வைத்தோ வரி கட்டியோ கிடைக்கும் வாக்குக்கு நடுவே, பட்டம் வைத்துக் கிடைக்கும் வாக்கு இது. அப்படியானால் அந்தப் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பது அரசியல் கேள்வியாகத்தானே மாறும்?

1914இல் சட்டமன்றத்தில் குஞ்ஞிராமன் நாயர் அதைக் கேட்டார். பதில்: பதிவு செய்த 650 பட்டதாரிகளில் 452 பேர் பிராமணர், 124 பேர் பிராமணரல்லாத இந்துக்கள், மற்ற சமூகத்தார் 74 பேர். மக்கள்தொகையில் பிராமணர் நூற்றுக்கு மூன்று சொச்சம் மட்டுமே இருந்த மாகாணம் அது. இரண்டே ஆண்டில், 1916இல், பிராமணரல்லாதார் அறிக்கை வந்தது. நீதிக்கட்சி பிறந்தது, 1920இல் ஆட்சிக்கும் வந்தது. நீதிக்கட்சி வந்ததற்குக் காரணங்கள் பல. ஆனால் 'படித்தவன் வாக்கு' என்ற ஏற்பாட்டின் சாதிக் கணக்கை வெட்டவெளிச்சமாக்கியது பல்கலைக்கழகப் பதிவேடுதான். அந்த அமைச்சரவையில் கல்வியைக் கையில் வைத்திருந்த ஏ.பி. பாத்ரோதான் 1923இல் புதிய சென்னைப் பல்கலைக்கழகச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தேர்வு வைக்கும் நிறுவனத்தைப் பாடம் நடத்தும், ஆராய்ச்சி செய்யும் நிறுவனமாக மாற்றுவது அதன் நோக்கம்.

வகுப்பு தொடங்கியது

உண்மையில் மாற்றம் அதற்குச் சற்று முன்பே தொடங்கிவிட்டது. 1915இல் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக இங்கிலாந்திலிருந்து கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். தென்னிந்தியாவைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வந்திறங்கிய அவர் ஒரு கெட்டிக்கார வேலை செய்தார். விடுமுறைக்குக் கிராமத்துக்குப் போகிற மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். ஊரில் நிலம் யாரிடம், கடன் எவ்வளவு, கூலி என்ன, எத்தனை பேர் ஊரைவிட்டுப் போனார்கள். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வடஆற்காட்டு தூசி, தஞ்சாவூர்ப் பக்கம் பாலக்குறிச்சி, திருநெல்வேலி கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் கணக்கு 1918இல் புத்தகமாக வந்தது. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போய் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தார்கள். அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரே ஊரைத் தலைமுறை தலைமுறையாகக் கணக்கெடுக்கிற இந்த மாதிரி ஆய்வு இந்தியாவில் அபூர்வம். இது சாத்தியமானதற்குக் காரணமே பல்கலைக்கழகத்தின் ஆட்கள் மாகாணம் முழுக்கச் சிதறியிருந்ததுதான்.

தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியும் இதே காலத்துப் பிள்ளை. 1913இல் அரசு தொடங்கியது, முதல் பதிப்பாசிரியர் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜே.எஸ். சாண்ட்லர். 1926இல் பொறுப்புக்கு வந்தவர் வக்கீலாக இருந்த எஸ். வையாபுரிப் பிள்ளை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள் வெளிவந்தன, 1939இல் பிற்சேர்க்கையும் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அதில் வடமொழிச் சார்பு அதிகம் என்ற சண்டை அன்றே தொடங்கியது, இன்னும் முழுதாக ஓயவில்லை. ஓயாவிட்டாலும், பழைய சொல் ஒன்றுக்குப் பொருள் தேடுகிற எவரும் கடைசியில் அதைத்தான் திறக்கிறார்கள்.

நூலகத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். 1924இல் மாநிலக் கல்லூரிக் கணித ஆசிரியர் எஸ்.ஆர். ரங்கநாதனைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமித்தார்கள். அந்த வேலையின் தனிமை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சேர்ந்த சில நாளிலேயே பழைய கல்லூரி முதல்வரிடம் போய்ப் பழைய வேலையையே கொடுங்கள் என்று கேட்டார். லண்டனுக்குப் போய் நூலகவியல் படித்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்றார் முதல்வர். போனவர் அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே துண்டுகளை வேறு வேறு விதமாகக் கோத்தால் வேறு வேறு பொருள் வருகிறது. புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துக் கோக்கலாமே என்று தோன்றியது. நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்த அவர் உருவாக்கி 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறைக்கு விதை அதுதான். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1931இல், நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதிவிட்டார். 1936இல் கட்டிய நூலகக் கட்டடம் இன்றும் சேப்பாக்கத்தில் இருக்கிறது. கல்லூரிகளில் சிதறிக்கிடந்த மாணவர்களும் ஆசிரியர்களும் 'யுனிவர்சிட்டிக்குப் போய்ப் படித்தோம்' என்று முதல்முதலாகச் சொல்ல முடிந்தது இந்த நூலகத்தால்தான்.

வரலாற்றுத் துறையில் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி சோழர் வரலாற்றை எழுதினார். தாவரவியலில் எம்.ஓ.பி. ஐயங்கார் பாசிகளை ஆராய்ந்தார். 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தவர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். இன்று மூன்றாண்டு பதவிக்கே தள்ளுமுள்ளு நடக்கிறது, அந்தக் காலத்தில் ஒருவர் கால் நூற்றாண்டுக்கு மேல் அதே நாற்காலியில் இருந்தார். அது ஜனநாயகத்துக்கு அழகா என்று கேட்டால் இல்லை. ஆனால் நீண்ட காலத் திட்டம் போட முடிந்தது. 1952இல் கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறையைத் தொடங்க அவர் அழைத்து வந்தது முப்பது வயதே ஆன ஜி.என். ராமச்சந்திரனை. பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோலுக்கும் தசைநாணுக்கும் வலுக் கொடுக்கும் கொலாஜன் என்ற புரதத்தை ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்கதிரில் ஆராய்ந்தார்கள். கங்காரு வாலின் தசைநாண்கூட அதற்குப் பயன்பட்டது. மூன்று இழைகள் பின்னிக்கொண்ட அமைப்பு என்று 1954இல் சொன்னார்கள். 1963இல் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வெளியிட்ட வரைபடம் இன்று உலகெங்கும் புரத அமைப்பைச் சரிபார்க்கப் பயன்படுகிறது. கிண்டியில், சுமாரான வசதிகளோடு செய்த வேலை அது. 1970களின் தொடக்கத்தில் அவர் பெங்களூருக்குப் போய்விட்டார்.

பிள்ளைகள் பிரிந்து போனார்கள்

ஆராய்ச்சி வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் நிலப்பரப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. மைசூர் 1916இல் பிரிந்தது. 1926இல் ஆந்திரா, 1937இல் திருவிதாங்கூர், 1954இல் திருப்பதி வெங்கடேசுவரா, 1966இல் மதுரை, 1982இல் கோவையும் திருச்சியும், 2002இல் வேலூர். நடுவில் பொறியியல் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும், பின்னர் மருத்துவமும் சட்டமும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களுக்கும் போயின. தென்னிந்தியா முழுக்கக் கேள்வித்தாள் அனுப்பிய நிறுவனத்துக்குக் கடைசியில் மிஞ்சியது சென்னையும் அதை ஒட்டிய மாவட்டங்களும். ஒரு வகையில் இப்போதுதான் அது நகரப் பல்கலைக்கழகம் ஆகியிருக்கிறது.

ஒவ்வொரு பிரிவினையும் நியாயமானதே. பெர்ஹாம்பூரில் இருப்பவன் மார்க் ஷீட்டில் ஒரு பிழைக்காக மெரினாவுக்கு வர வேண்டியதில்லை. ஆனால் பிரிந்து போன ஒவ்வொரு கல்லூரியோடும் தேர்வுக் கட்டணமும் இணைப்புக் கட்டணமும் போயின. 1978இல் கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கொடுக்கத் தொடங்கினார்கள். லயோலாவும் கிறித்துவக் கல்லூரியும் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே போட்டு, தேர்வையும் தாங்களே வைத்துக்கொண்டன. கல்வி நோக்கில் நல்ல முடிவு. பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டத்தில் இருந்தது, வரவு செலவில் இல்லை.

ஈடுகட்ட வந்தது 1981இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி. 'கரஸ்ல படிக்கிறேன்' என்று சொல்லாத குடும்பம் சென்னையில் குறைவு. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கியவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு படிப்பை முடித்த பெண்கள், பதவி உயர்வுக்காக எம்.ஏ. எழுதிய அரசு ஊழியர்கள். வித்துவான் தேர்வு எழுதியவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். வளாகத்துக்கு வருவது கட்டணம் கட்டவும் சான்றிதழ் வாங்கவும் மட்டும். அவர்கள் கட்டிய பணத்தில்தான் வளாகத்துத் துறைகள் பலவும் ஓடின. ஆனால் பட்டமளிப்பு விழா மேடையில் அவர்களுக்கு இடம் இருந்ததாக எனக்குப் படவில்லை.

2024 தொடக்கத்தில் வருமான வரித் துறை 424 கோடி ரூபாய் வரிப் பாக்கி என்று சொல்லிப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. பிரச்சினையின் முடிச்சு எளிமையானது. ஒரு கல்வி நிறுவனத்தின் வரவில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருந்தால் அரசு நிதியில் நடக்கும் நிறுவனமாகக் கருதி வரி விலக்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த மானியம் அந்த அளவைத் தொடவில்லை. மீதி மாணவர்கள் கட்டிய கட்டணம், அதனால் வரிக் கேள்வி எழுந்தது. அதற்கு முன்பே, 2023 ஆகஸ்டில், துணைவேந்தர் எஸ். கௌரியின் பதவிக்காலம் முடிந்திருந்தது. அடுத்த துணைவேந்தரைத் தேடும் குழுவில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பிரதிநிதி வேண்டுமா வேண்டாமா என்று ஆளுநரும் அரசும் இழுத்துக்கொண்டிருக்க, நாற்காலி காலியாகக் கிடந்தது. பட்டச் சான்றிதழில் யார் கையெழுத்துப் போடுவது என்பதே ஒரு கேள்வியாகிவிட்டது.

சான்றிதழ் கொடுப்பதற்கென்றே பிறந்த நிறுவனத்துக்கு அதைவிடப் பெரிய சங்கடம் இருக்க முடியாது. கையெழுத்துப் பிரச்சினையை ஒரு உத்தரவில் தீர்த்துவிடலாம். மானியத்தைப் பாதிக்கு மேல் உயர்த்துவதற்கு அரசு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். அதைச் செய்யாதவரை கிண்டியிலும் தரமணியிலும் ஆய்வகத்துக்கு ஆகும் செலவை, அந்த ஆய்வகத்தை ஒருநாளும் பார்க்காத ஒரு அஞ்சல்வழி மாணவர் கட்டணமாகக் கட்டிக்கொண்டுதான் இருப்பார்.